ரஷ்யாவைப் பற்றி நான் கடைசியாக வென்ற விவாதம்

ஓய்வு பெற்றவர் என்றால் தலை நரைத்திருக்க வேண்டும், பென்ஷன் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது பொது எண்ணம். எனக்கு இரண்டும் இல்லை. வயது முப்பத்து நான்கு. ஆயினும் பலாங்கொடை நகரில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியை எட்டு ஆண்டுகள் வகித்து, அந்தப் பதவியே இல்லாமற்போனதால் ஓய்வு பெற்றவன் நான். எனக்கு முன் அதை எவரும் வகித்ததில்லை. எனக்குப் பின் எவரும் வகிக்கப்போவதுமில்லை. ஒரு துறையின் தொடக்கமும் முடிவும் நானே என்று சொல்லிக்கொள்ளும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

எங்கள் விவாத மன்றத்தின் இளையவர்கள் சென்ற மாதம் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலருக்குத் தொழில் அனுபவம் ஒன்றை எழுதித் தர வேண்டுமாம். வந்தவர்களில் ஒரு தங்கை, மிக மரியாதையாக, "ராஜு அண்ணே, இப்ப போனக் காட்டினா ரெண்டு செக்கன்ல ரஷ்யன் தமிழாகுது. நீங்க ரெண்டு நாளா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். மேடையில் என்றால் அந்தக் கேள்வியை இருந்த இடம் தெரியாமல் செய்திருப்பேன். வீட்டில் என்பதால் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, பதிலை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது நீளமானதன்று. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் பேசக் கற்றேன்: இரு கால்களிலும் சமமாக நில், கடைசி வாங்குப் பலகையில் இருப்பவனைப் பார், எதிரணியின் ஒரு வாக்கியத்தையும் உயிரோடு விடாதே. பின்னர் புலமைப்பரிசில் ஒன்று கிடைத்து ரஷ்யாவுக்குப் போனேன். முதல் ஆண்டு முழுவதும் மொழிப் பயிற்சி. இரண்டாம் ஆண்டு பொறியியல் தொடங்குவதற்குள் அப்பா படுக்கையில் விழுந்தார், திரும்பி வந்தேன். பொறியியல் அங்கேயே நின்றது. மொழி மட்டும் கூட வந்தது.

ஆனால் ரஷ்யாவைப் பற்றிப் பேச அந்த நாட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்ற அவசியம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. போவதற்கு முன்பே "உலக மோதல்களில் ரஷ்யா காவலனா, காரணமா?" என்ற தலைப்பில் இரத்தினபுரியில் காவலன் என்று பேசிக் கோப்பை வென்றிருந்தேன். திரும்பி வந்த பின், ஏறத்தாழ அதே தலைப்பில், கேகாலையில் காரணம் என்று பேசி மறுபடியும் வென்றேன். எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டித்தான் தீர்மானிப்பார்கள். பிரெஞ்சுப் பேரரசரின் படையை விழுங்கிய பனியும், பெர்லினில் ஏறிய செங்கொடியும், ஆப்கான் மலைகளில் சிதறிய டாங்கிகளும் இரு பக்கங்களுக்கும் சம அளவில் பயன்பட்டன. வரலாறு அந்த வகையில் பெருந்தன்மை உடையது.

அந்த இரண்டிலும், அவற்றுக்கு இடையே நடந்த இன்னொரு இறுதிச் சுற்றிலும் எனக்கு எதிரே நின்றவன் ஒருவனே: ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜெயசீலன். தாய் தகப்பன் இருவரும் பால்வெட்டும் தொழிலாளர்கள். என்னைவிட அதிகம் வாசித்தவன். என்னைவிட மெதுவாகப் பேசுபவன். மூன்று முறையும் நான் வென்றேன். நாங்கள் நண்பர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனி என் மேலதிகாரி. பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே, தையற்கடையின் மேல்மாடியில், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் மஹ்ரூப் ஹாஜியார். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ரஷ்யாவிலிருந்து கடிதங்கள் வருகின்றன, படிக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டு என்னை வேலைக்கு எடுத்தார். ரஷ்யனில் ஓர் எழுத்துக்கூட அவருக்குத் தெரியாது. எட்டு ஆண்டுகளும் என் ரஷ்ய வேலைகள் அனைத்தையும் திருத்தியவர் அவரே.

எப்படி என்று கேட்பீர்கள். மூலத்தை இடப்பக்கமும் என் தமிழை வலப்பக்கமும் வைப்பார். கோடு போடும் மர அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்துவார். முதலில் வரிகளை எண்ணுவார். பிறகு இலக்கங்களை ஒப்பிடுவார். பிறகு பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பெயர்கள் எத்தனை இடத்தில் வருகின்றன என்று பார்ப்பார். குரலை உயர்த்தமாட்டார். என்னை "மகன்" என்றும் "நீங்க" என்றும் மட்டுமே அழைப்பார். அது கோபத்தைவிட மோசமானது என்பது ஒரு மாதத்தில் விளங்கிவிட்டது.

என் முதற்கடிதம் தேயிலையைப் பற்றியது. நம் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையின் கறுத்து முறுகிய இலையை ரஷ்யர்கள் விரும்பி வாங்குவார்கள். ஒரு கொள்வனவாளர் நம் தொழிற்சாலை ஒன்றுக்கு எழுதியிருந்தார். நான் அதைத் தமிழாக்கி, ஹாஜியாருக்குக் காட்டாமலே கொடுத்த மறுநாள் காலை, அந்தத் தொழிற்சாலையில் இலை பதப்படுத்துவதைக் கவனிக்கும் டீமேக்கர் தனபால் படியேறி வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"தம்பி, ரஷ்யாக்காரன் நம்ம மேல கேஸ் போடப் போறானா? தொரைக்கு இன்னும் காட்டல. ராத்திரி பூரா தூங்கல."

ஹாஜியார் இரண்டு தாள்களையும் வாங்கி அடிமட்டத்தை வைத்தார்.

"மகன், இதுல நாலு வரி ஈக்கு. ஒங்கட தமிழ்ல பதினாலு வரி ஈக்கு. மிச்சம் பத்தும் யார்ட?"

"அது கடிதத்தின் உணர்வு, ஹாஜியார். தேநீர் என்பது ரஷ்யர்களின் ஆன்மா..."

"ஆன்மாவ அவரு கடுதாசியில போடல்லயே."

நான்கு வரிகளில் இருந்தது இதுதான்: சென்ற தொகுதியில் காம்பு அதிகம், அடுத்த தடவை குறைக்கவும், சுவை நன்று, நன்றி. தனபால் அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் ஆமோதித்து, "காம்பு கூடத்தான். அது நமக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்றே ஹாஜியார் ஒரு விதி செய்தார். மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. வாங்கும் ஆள் அதில் என்ன இருக்கிறதென்று தன் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். என் திறமையைச் சந்தேகிக்கும் விதி என்று எனக்கு மனத்தாங்கல் இருந்தது. சந்தேகிக்கும் விதியேதான்.

பிறகு போர் தொடங்கியது. உக்ரேனில் குண்டு விழுந்தால் பலாங்கொடையில் என்ன ஆகும் என்று மேடையில் கேட்டால் ஆறு நிமிடம் பேசுவேன். மேல்மாடியில் அது வேறு விதமாக வந்து சேர்ந்தது. கடிதங்கள் நின்றன. கப்பல் தாமதம், வங்கி தாமதம் என்று ஒரே வாக்கியத்தையே பல மாதம் மொழிபெயர்த்தேன். ஒரு நாள் ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். மேலே ஒரு பங்களாவில் தங்கியிருந்தவர்கள். அவர் ரஷ்யர், அவள் உக்ரேனியப் பெண். இருவருடைய நாட்டிலும் நடக்க முடியாத திருமணத்தை இங்கே நடத்திக்கொள்ள வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழ்களைத் தந்தார்கள். இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே நாடு: சோவியத் ஒன்றியம்.

பிறந்த நாடு என்ற இடத்தில் அதையே எழுதலாமா என்று கேட்டேன். அவர் ஆம் என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தாள். இந்த மௌனத்தின் வரலாற்றுப் பின்னணியை ஹாஜியாருக்கு விளக்க நான் எழுந்து நின்றேன். ஜார் மன்னர்களிலிருந்து தொடங்கியதாக நினைவு.

"மகன், குந்துங்க. அவங்க கல்யாணம் கட்ட வந்தீக்கிறாங்க" என்றார் ஹாஜியார். "கடுதாசியில ஈக்கிறத எழுதுங்க. கீழ ஒரு குறிப்புப் போடுங்க, அந்த நாடு இப்ப இல்லன்டு."

பேரரசு ஒன்றின் வீழ்ச்சிக்கு ஒற்றை அடிக்குறிப்பு. அதை நான் ரஷ்யனில் படித்துக் காட்ட, அந்தப் பெண் தன் பேச்சில் திருப்பிச் சொன்னாள், சொல்லும்போது சிரித்தாள். நான் தயாரித்த உரை இன்றுவரை பயன்படுத்தப்படாமல் இருக்கிறது.

இப்போது, நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு என் வாட்ஸ்அப்பில் எட்டுப் படங்கள் வந்தன. எட்டும் ஓர் ஒப்பந்தத்தின் பக்கங்கள். அனுப்பியவன் ஜெயசீலன். கொழும்பில் காவலாளி வேலை செய்துகொண்டிருந்தான் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். இப்போது ரஷ்யாவில், ஒரு நகரத்து விளிம்பில் உள்ள விடுதியில் இருந்தான். ஓர் ஏஜன்ட் சமையலறை வேலை என்று சொல்லி அழைத்துப் போயிருந்தான். அறையில் நம் நாட்டவர் ஆறு பேர். ஐந்து பேர் கையெழுத்து வைத்தாயிற்று.

"மச்சான், போன்ல போட்டுப் பாத்தேன், தலையும் புரியல வாலும் புரியல. நீ பாத்து ஓகேன்னு ஒரு வார்த்த சொல்லு. இங்க பன்னெண்டு மணிக்கு ஆள் வருவான், கையெழுத்து வாங்க."

அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே இரண்டரை. படங்களை அச்செடுத்து உட்கார்ந்தேன். தலைப்பிலேயே விஷயம் இருந்தது: இராணுவச் சேவைக்கான ஒப்பந்தம். பணியும் பணியிடமும் படைப்பிரிவின் தளபதி தீர்மானிப்பதற்கு உட்பட்டவை. இரண்டாம் பந்தியின்படி காலம் ஓர் ஆண்டு. ஆனால் ஏழாம் பந்தியின்படி, போர்க்கால ஏற்பாடு நீங்கும்வரை அது தானாகவே நீளும். எட்டுப் பக்கங்களில் சமையல் என்ற சொல் இல்லை. சட்டி, பானை, அடுப்பு எதுவுமில்லை. தமிழாக்கி முடித்து அனுப்பும்போது மணி பன்னிரண்டரை. உடனே அழைத்தேன்.

அவன் பதறவில்லை. அதுதான் என்னைத் தவறான பாதையில் இழுத்தது.

"ஆமிப் பேப்பர்னு எனக்குத் தெரியும்டா. வெளிநாட்டு ஆளு எல்லாரும் இதத்தான் சைன் பண்றானுங்களாம். பேப்பர் ஒன்னு, வேல வேற. ரூம்ல இருந்த ரெண்டு பேர் போயாச்சு, சமைச்சுக்கிட்டு இருக்கானுங்க."

"நீ பாத்தியா?"

"ஏஜன்ட் சொன்னான்."

"அப்ப உன் சாட்சி கேள்விச் சாட்சி" என்றேன். அந்தக் கணத்தில் என் கால்கள் தாமாகவே சமமாக நின்றன. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டிருந்தேன்.

"சரி, ஒரு வருஷம். முடிஞ்சா இங்கயே இருக்கப் பேப்பர் தருவானுங்க. ஊருல என்னடா இருக்கு? மழ பேஞ்சா பால்வெட்டு இல்ல. வெறுங்கையோட போய் அம்மா மூஞ்சில முழிக்கச் சொல்றியா?"

"ஒரு வருஷம் என்பது இரண்டாம் பந்தி. ஏழாம் பந்தி அதை விழுங்கிவிடுகிறது. நீ ஏழாம் பந்தியை வாசிக்காமல் வாதிடுகிறாய்."

"ஓஹோ. ரஷ்யா சின்ன நாடுகளுக்குக் காவலன்னு ரத்தினபுரி மேடையில பேசுனது யாரு? நான் அன்னைக்கே இல்லைனு சொன்னேன். கப்பு ஒனக்குத்தானே குடுத்தானுங்க?"

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். நல்ல அடி விழுந்தால் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பதே என் பயிற்சி. அவன் கூற்றுகளை ஒன்று இரண்டு மூன்று என எண்ணி, ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தேன். அவன் வாசித்த நூல்களையே அவனுக்கு எதிராகத் திருப்பினேன். பிறர் நாட்டுப் பிள்ளைகளின் எலும்பால் தம் எல்லையைக் கீறிய பேரரசுகள் பற்றி ஒரு பகுதி பேசினேன். இன்று நினைத்தாலும் அது நன்றாகவே அமைந்திருந்தது. மூன்று அடுக்குகளாக உயர்த்தி, கடைசி வாக்கியத்தைத் தணித்து முடித்தேன்.

"சரி. நீ பேசிட்ட" என்றான். அழைப்பு அறுந்தது.

திரும்பிப் பார்த்தேன். நண்பகல் லுஹர் தொழுகைக்குத் தொப்பியைக் கையில் எடுத்த ஹாஜியார், போகாமல் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"வென்டாச்சா மகன்?"

"அவன் வாயில் ஒரு பதிலும் வரவில்லை, ஹாஜியார்."

"அப்ப கையெழுத்து வைக்க மாட்டாரு?"

அந்தக் கேள்வியை நான் ஜெயசீலனிடம் கேட்டிருக்கவில்லை. அரை மணி நேரம் பேசியிருந்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.

"கடுதாசியில என்ன ஈக்குன்டு அவர்ட வாயால திருப்பிச் செல்ல வெச்சீங்களா?"

தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்து நேராக்கினேன். அவர் தொப்பியை மேசையில் வைத்தார். அச்செடுத்த எட்டுத் தாள்களையும் என் தமிழையும் எடுத்து, சிவப்புப் பென்சிலுடன் உட்கார்ந்து, வழக்கம்போல் எண்ணத் தொடங்கினார். எனக்கு அலற வேண்டும்போல் இருந்தது. மணி ஒன்று தாண்டிவிட்டது. எண்ணி முடித்த பிறகே, "போன் எடுத்துத் தாங்க" என்றார்.

முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மகன், நான் மஹ்ரூப். ராஜு வேல செய்ற கந்தோர் ஹாஜியார். எனக்கு ரஷ்யன் தெரியா. ஒங்கட கடுதாசி எனக்கு வெளங்குதில்ல. ராஜு செல்றதும் வெளங்குதில்ல, அவரு சத்தமாச் செல்றாரு. நீங்க எனக்கி வெளங்கப்படுத்துங்களே."

"எதுங்க ஹாஜியார்?" என்றான் ஜெயசீலன்.

"கோடு போட்ட எடத்துல எல்லாம் ஒரே பேரு ஈக்கு. ஒன்பது தடவ எண்ணினேன். அது யார்ட பேரு?"

"என்னோட பேருங்க."

"கமாண்டர்ன்டு ஒருத்தர் வாறாரே, அவர்ட பேரு எங்க ஈக்கு?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "அவரு பேரு இல்லைங்க."

"ஒங்கள கூட்டிக்கிட்டுப் போன ஏஜன்ட்ட பேரு?"

"அதுவும் இல்லைங்க."

"சமையல் வேலன்டு எத்தனாவது பந்தியில ஈக்கு?"

"அது... எழுத்துல இல்லைங்க ஹாஜியார். வாயால சொன்னது."

"சரி. ஏழாவதுல என்னமோ ஈக்கே, அதையும் கொஞ்சம் செல்லித் தாங்க. எனக்கி அது வெளங்கவே இல்ல."

ஜெயசீலன் தொடங்கினான். விவாத மன்றத்துத் தமிழில் அல்ல. அவன் வீட்டுத் தமிழில். "ஒரு வருஷம்னு போட்டிருக்குங்க. ஆனா... சண்ட முடியிற வரைக்கும் வுட மாட்டாங்க. எங்க போகச் சொன்னாலும் போகணும். நான்... நான் எப்ப வரணும்னு நான் சொல்ல முடியாதுங்க."

"இப்ப வெளங்குது மகன்" என்றார் ஹாஜியார். "வைக்கிறதும் வைக்காததும் ஒங்கட விருப்பம். பாஸ்போட் யார்ட கையில ஈக்கு?"

"எங்கிட்டத்தாங்க."

"அதப் பத்திரமா வெச்சுக்கங்க." அழைப்பை முடித்தார்.

நான் கொதித்துப் போனேன். "கையெழுத்து வைக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, ஹாஜியார்?"

"அத நீங்க அரை மணித்தியாலமாச் செல்லிட்டீங்களே" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இரண்டரை ஆனது. தோட்டத்து பஸ்கள் எதிரே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. மூன்று ஆனது. போனை மேசையில் வைத்து அதன் முன் உட்கார்ந்திருந்தேன். மூன்று பத்துக்கு ஒரு சொல் வந்தது: "வைக்கல."

அவன் ஊர் திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு கிழமையில் அவன் பட்டதை அவன்தான் எழுத வேண்டும். நான் எழுதினால் நான்கு வரி பதினாலாகிவிடும். வந்ததும் பலாங்கொடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். ஹாஜியாருக்கு ஒரு பெட்டி ரஷ்ய இனிப்புக் கொண்டு வந்திருந்தான். அறையில் இருந்த மற்ற ஐந்து பேரைப் பற்றிக் கேட்டேன்.

"மூணு பேரு பேசுறானுங்க. ரெண்டு பேர்ட நம்பர் வேல செய்யல."

ஹாஜியார் பிளேன்டீ சொல்ல எழுந்து போனார். அப்போது நான், என் பேச்சும் சிறிது பயன்பட்டிருக்கும் என்ற நப்பாசையில், "நான் பேசி முடிச்சப்ப நீ என்னடா நெனச்ச?" என்று கேட்டேன்.

"உண்மையச் சொல்லவா? ஒரு கிழமையா அந்தப் பேனாவத் தொடாமத்தான் இருந்தேன். பயம். ஒன்னைய கூப்பிட்டதே நீ வேணாம்னு சொல்லணும்னுதான். நீ பேசி முடிச்சதும் எடுத்து முதல் பக்கத்துல கையெழுத்து வைக்கப் போனேன், அப்பத்தான் ஹாஜியாரு கூப்பிட்டாரு."

"ஏன்டா? நான் சொன்னதெல்லாம் சரிதானே?"

"சரிதான். எல்லாமே சரிதான்" என்றான். "அதுக்காக, நாலாவது தடவயும் ஒங்கிட்ட தோத்துட்டு ஊருக்கு வரச் சொல்றியா?"

விவாதம் முடிந்ததும் எதிரணியின் கையைக் குலுக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. மூன்று இறுதிச் சுற்றிலும் நான் அதைச் செய்யவில்லை; கோப்பையை இரு கைகளாலும் பிடித்திருந்தேன். அன்று மேல்மாடியில், மேசையின் குறுக்கே, கையெழுத்து வைக்காமல் திரும்பி வந்த அந்த வலக்கையை முதல் தடவையாகப் பிடித்தேன். ஹாஜியார் பிளேன்டீயோடு வரும்வரை விடவில்லை.